குப்பு சொன்ன சாவு

மணப்பட்டு மீனவக் குப்பத்தில் எவனாவது வாய்க்கு வந்தபடி அளந்துவிட்டால், "போடா, குப்பு சொன்ன சாவு" என்பார்கள். பாகூர்ச் சந்தையிலும் அந்தப் பேச்சு உண்டு. கத்தரிக்காயில் புழுவே இல்லை என்று வியாபாரி தலையில் அடித்துச் சத்தியம் செய்தால், வாங்க வந்தவள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு, "குப்பு சொன்ன சாவுதான்" என்பாள். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குக் குப்பு யார், செத்தது யார் என்று தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும். உள்ளதை உள்ளபடி சொல்வதில் குப்புவைப் போல ஓர் ஆளை நான் பாகூரிலும் பார்த்ததில்லை, சைகோனிலும் பார்த்ததில்லை. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் கலீலுல்லா. புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர்க் கடைத்தெருவில் வலை நூல், கயிறு, உப்பு, மண்ணெண்ணெய் விற்கிறேன். வாலிபத்தில் சைகோனுக்குக் கப்பலேறி, ஒரு ஜவுளிக்கடையில் பிரெஞ்சுத் துரைமார்களுக்கும் துரைசானிகளுக்கும் துணி கிழித்துக் கொடுத்து, அவர்கள் பேச்சையும் எழுத்தையும் கற்றுக்கொண்டவன். அந்தப் படிப்போடு ஊர் திரும்பினால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். நான் திரும்பிய வருஷந்தான் பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிச் சுருட்டிக்கொண்டு போனான். "உங்க பிரெஞ்சைக் குடுத்தா ஒரு படி உப்பு தருவாங்களா?" என்று என் வீட்டுக்காரி சபுரா இன்றைக்கும் கேட்கிறாள். நானும் குப்புவும் ஏன் சிநேகமானோம் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். எனக்கு இருந்த படிப்பும் செல்லவில்லை, அவளுக்கு இருந்த வாயும் செல்லவில்லை.

அவள் மணப்பட்டிலிருந்து கூடையில் மீன் சுமந்து வந்து பாகூரில் விற்பாள். போகும்போது புருஷன் செல்லப்பனுக்கு நூல் வாங்க என் கடையில் நிற்பாள். நெடுநெடுவென்று உயரம், கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல். அவள் பேச்சில் ஒரு விசித்திரம் உண்டு. எதைச் சொன்னாலும் அது கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா என்று சேர்த்துச் சொல்வாள். "சங்கரா காலையில வந்துது, நான் பாத்தேன். வவ்வாலு நேத்து மீனு இல்லன்னு சொன்னாங்க, நான் பாக்கல." இப்படி ஒருத்தி மீன் விற்றால் எவள் வாங்குவாள்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கெங்கம்மாள் அழுகினதைக்கூட "இப்பதாங் கரையேறுச்சி, துடிக்குது பாரு" என்று தள்ளிவிட்டுப் போய்விடுவாள். குப்புவின் கூடையில் மத்தியானம் வரை மீன் கிடக்கும். நானே ஒருநாள் கடிந்துகொண்டேன். "வியாபாரத்துல இந்த அரிச்சந்திர வேஷம் எதுக்கும்மா?" என்றேன். "ஒரு தடவ கேட்டத பாத்த மாதிரி சொல்லிட்டேன்னு கெட்ட பேரு எடுத்தவ பாய் நானு. மறுபடியும் எடுக்க மாட்டேன்" என்றாள்.

அந்த ஒரு தடவை நடந்தது அவளுக்குப் பால் பற்கள் விழுந்து முளைக்கிற வயசில்.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஜூலை மாசம் அவர்கள் தேசத்துத் திருவிழா வரும். கொடி, பாண்டு, வாணவேடிக்கை எல்லாம் உண்டு. அந்த வருஷம் பாகூர் ஏரிக்கரைப் பக்கத்து மைதானத்தில் ஊர் ஊராகப் போகிற ஒரு கம்பெனிக்காரன் வேட்டிகளைத் தைத்துத் திரையாகக் கட்டி இலவசமாகப் படம் காட்டினான். பேசாத படம். நடுநடுவே பிரெஞ்சில் எழுத்து வரும். மெஷின் ஓட்டுகிறவன் எழுத்தை வாய்விட்டுப் படிப்பான். திரைக்குப் பக்கத்தில் கோலோடு நிற்கும் உலகநாதன் என்கிற ஆள் அதைத் தமிழில் சத்தம் போட்டுச் சொல்வான். உலகநாதனுக்குப் பிரெஞ்சு எழுத்துத் தெரியாது. காதில் விழுந்ததை வைத்து ஒப்பேற்றுகிறவன்.

அப்பன் சின்னத்தம்பியோடு மீன் விற்க வந்த குப்பு, படம் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். அப்பன் திருவிழாவுக்கு மரியாதை செய்யும் விதமாகக் கள்ளைக் குடித்துவிட்டு, விளக்கு அணைந்ததும் குறட்டை விட்டார்.

படமோ விபரீதமான படம். இன்னும் எத்தனையோ தலைமுறை கழித்து வரப்போகிற ஒரு பட்டணமாம். வானம் தெரியாத அளவுக்குச் சுவர்கள். ஜனங்கள் எல்லாரும் ஒரே மாதிரி உடுப்பு, மூக்கையும் வாயையும் மூடிய கண்ணாடி முகமூடி, வரிசை வரிசையாக நடக்கிறார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் பேசுவதில்லை. ஓர் உயரமான கோபுரத்தில் ஒரு நாற்காலி, அதில் அசையாமல் ஒரு கிழவன். சாம்பல் நிறத்தில் முடிவே இல்லாத ஒரு பொட்டல். எழுத்து வந்தது. மெஷின்காரன் படித்தான். உலகநாதன் கோலை ஓங்கித் தட்டி, "மேர் செத்துட்டாரு!" என்று அலறினான்.

எங்கள் பக்கம் கொம்யூனுக்கு, அதாவது ஊராட்சிக்கு, தலைவராக இருப்பவரை மேர் என்போம். அது பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல், இன்னமும் அப்படித்தான் சொல்கிறோம். மேர் என்றால் குப்புவுக்குத் தெரிந்தது ஒரே மேர்தான்: குப்பத்துக்கு எப்போதாவது வண்டியில் வந்து, குடிதண்ணீர்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற எங்கள் மேர்.

செத்தது மேர் என்று ஆன பிறகு உலகநாதனுக்கு எல்லாமே பொருந்தி வந்தது. "பொணம் நாறுது, அதான் மூக்கைப் பொத்திகினு போறாங்க பாரு! வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவு, அதான் ஒருத்தனும் வாயத் தெறக்கல!" என்றான். பொட்டலில் வளைந்த கட்டைகள் வரிசையாக நின்றன. "பாடை கட்ட மரம் வெட்டி வெச்சிருக்கு" என்றான். முகமூடி போட்ட ஒரு சின்னப் பெண் மணலில் கிளறி ஒரு சங்கை எடுத்தாள். "எழவுச் சங்கு ஊதப் போறா! அய்யோ, காவக்காரன் பாத்துட்டான், சங்கப் புடுங்கறான்!" என்றான். சாவு விழுந்தால் சங்கு ஊதாமல் தூக்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அந்தப் பெண்ணை ஊதவிடாமல் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்ததும் குப்புவுக்குப் பொறுக்கவில்லை. படம் முடியும்வரைகூட இருக்கவில்லை. அப்பனை உலுக்கி எழுப்பி இழுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்து, தெரு முனையிலிருந்தே கத்தினாளாம்: "மேர் செத்துட்டாரு! படத்துல சொன்னாங்க! வெளிய சொல்லக் கூடாதாம்!"

படத்துல சொன்னாங்க என்று அவள் சொன்னாள். ஆனால் குப்பத்தில் அன்றைக்குச் சினிமா பார்த்தவர் ஒருத்தரும் இல்லை. துரைத்தனத்தார் பெரிய வேட்டியில் வெளிச்சம் போட்டுச் சேதி சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். சந்தேகப்பட்ட இரண்டொருவர் காலையில் பாகூர் வழியாக வந்த வண்டிக்காரனை விசாரித்தார்கள். "மேருக்கு என்னா, கல்லு மாதிரி இருக்காரு" என்றான் அவன். போயிற்று. "பாத்தியா, வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவு" என்று எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இல்லை இல்லை என்று எத்தனை பேர் சொன்னார்களோ அத்தனைக்கும் சாவு உறுதியாகிக்கொண்டே போனது.

குப்பத்து நாட்டார் சுப்புராயன். நாட்டார் என்றால் கரையில் நியாயம் சொல்கிற தலைவர். அப்போதுதான் பட்டம் வாங்கியிருந்த இளவட்டம். பெரிய சாவுக்கு முதல் மாலை மணப்பட்டு மாலையாக இருக்க வேண்டும் என்று ஆசை. கட்டுமரம் எதையும் இறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டு, கோடித்துணி, மாலை, பறைமேளம், ஒப்பாரி வைக்கிற பெண்கள் என்று ஊரையே திரட்டிக்கொண்டு கிளம்பினார். மேர் வீட்டு வாசலுக்குப் போனால், மேர் நாற்காலியில் சாய்ந்து, கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்தி, முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு அம்பட்டனுக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்தார். வெள்ளை வெளேரென்ற முகத்தைப் பார்த்ததும் பெண்கள் "எங்களப் பெத்த ராசா" என்று மாரில் அடித்துக்கொண்டு விழுந்தார்கள். பிணம் எழுந்து உட்கார்ந்தது.

மேர் நல்ல மனுஷர். கோபித்துக்கொள்ளவில்லை. மாலையை வாங்கித் தானே கழுத்தில் போட்டுக்கொண்டு, "என்னைக்கோ வர வேண்டியவங்க கொஞ்சம் முன்னாடியே வந்துட்டீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றார். பாகூரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் சுப்புராயன். ஊர் திரும்பியதும் கரையில் கூட்டம் போட்டு, அந்தச் சின்னப் பெண்ணை நிறுத்தி வைத்து, "இனிமே இவ வாய்ப்பேச்சு இந்தக் கரையில செல்லாது" என்றார்.

அப்போது நான் சைகோன் போகவில்லை, பாகூரில்தான் இருந்தேன், சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஊரே மறந்திருக்க வேண்டிய கூத்து அது. ஆனால் சுப்புராயன் மறக்கவில்லை. அவர் மறக்காத வரை குப்பமும் மறக்கத் துணியவில்லை. குப்பு வளர்ந்தாள், செல்லப்பனுக்கு வாழ்க்கைப்பட்டாள், பிள்ளை பெற்றாள். அவள் வாய் மட்டும் செல்லாமலே கிடந்தது.

கொடி மாறி ஐந்தாறு வருஷம் ஆன பிறகு செல்லப்பனின் வலையை ஒருத்தன் அறுத்துப் போட்டான். மணலில் காயப் போட்டிருந்த புது வலை, என் கடை நூலில் இருவரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னியது. அறுத்தவன் நாட்டாரின் அக்கா மகன் பச்சையப்பன். கடலில் வலை போட்ட இடத்தைப் பற்றி முந்தின நாள் வாய்த்தகராறு. அவன் குனிந்து கத்தியை இழுத்ததைக் குப்பு தன் இரண்டு கண்ணால் பார்த்தாள். கூட்டம் கூடியது. "சாட்சி யாரு?" என்றார் சுப்புராயன். "நாந்தான், பாத்தேன்" என்றாள் குப்பு. பின்னால் நின்ற ஒருத்தன், "குப்பு சொன்ன சாவு" என்றான். கூட்டம் சிரித்துக் கலைந்தது. நண்டை நேராக நடக்க வைத்தாலும் வைக்கலாம், செல்லப்பனைச் சபையில் பேச வைக்க முடியாது.

"கண்ணால பாத்தேன் பாய்" என்று என் கடை வாசலில் வந்து கூடையை இறக்கிவைத்துவிட்டு அழுதாள். "இத்தினி வருசமா எதையாச்சும் கூட்டிக் கொறச்சி பேசிருப்பனா? செத்த மீன செத்துப்போச்சின்னுதான சொல்லி விக்கிறேன்?"

கடையில் வலை நூல் இருந்தது. நம்பிக்கை விற்பனைக்கு இல்லை.

இப்படி இருக்கையில்தான் ஒருநாள் டென்ட் கொட்டகை மாரிமுத்துவின் விளம்பர வண்டி கடைத்தெருவில் வந்தது. புதுச்சேரியில் யாரோ ஒரு குடும்பம் பிரான்சுக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன தட்டுமுட்டுச் சாமான்களில் பழைய படச்சுருள் சில இவன் கைக்கு வந்திருக்கிறது. என்ன படம் என்று அவனுக்கும் தெரியாது. தமிழ்ப் படத்துக்கு முன்னால் இலவசமாகக் காட்டினால் கூட்டம் சேரும் என்று கணக்கு. சுருளில் தெரிந்ததைப் பார்த்து ஒருத்தன் தட்டியில் வரைந்திருந்தான்: கண்ணாடி முகமூடி போட்ட ஜனங்கள், உயரமான கோபுரம், மேலே ஒரு நாற்காலி.

குப்பு மீன் கூடையை நடுத்தெருவில் அப்படியே போட்டுவிட்டு என் கடைக்குள் ஓடிவந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

"வந்துடுச்சி பாய்! அந்தப் படம் வந்துடுச்சி! மேர் செத்தாருன்னு அதுல எழுதிகீது இல்ல? நீ படிச்சி சொன்னா நாட்டாரு நம்புவாரு இல்ல?"

நம்புவார் என்று நானும் நினைத்தேன். ஊர் திரும்பி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தி என் பிரெஞ்சைத் தேடி வந்திருக்கிறாள். சபுராவைக் கூப்பிட்டு, "கேட்டியா?" என்றேன். "கேட்டேன், உப்பு படி என்ன வெல?" என்றாள் அவள்.

நானே மணப்பட்டுக்குப் போய் சுப்புராயனைப் பார்த்தேன். நரைத்த மீசையை முறுக்கிக்கொண்டே கேட்டார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவருக்கும் உள்ளே புகைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. தன்னை முட்டாளாக்கியது அந்தச் சிறுக்கியா, அந்தப் படமா என்று தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசை. "வரேன் பாய். மேர் செத்தாருன்னு அதுல எழுதியிருந்தா அவ கேட்டத சொன்னான்னு ஒத்துக்கறேன், வலைக்கும் அவ சாட்சிய எடுத்துக்கறேன். இல்லன்னா இந்த சென்மத்துல அவ வலைப் பேச்ச எடுக்கக் கூடாது. சம்மதமா கேளு" என்றார். குப்பு யோசிக்கவே இல்லை. "சம்மதம்" என்றாள்.

கொட்டகையில் ஆண்கள் ஒருபக்கம் மணலில், பெண்கள் ஒருபக்கம் மணலில். நடுவில் இடுப்பளவு மண்சுவர். சுவரை ஒட்டி இந்தப் பக்கம் நானும் நாட்டாரும், அந்தப் பக்கம் குப்பு. விளக்கு அணைந்தது. படம் ஓடத் தொடங்கியது. மழை பெய்கிற மாதிரி கோடு கோடாக இருந்தது, ஆனாலும் தெரிந்தது. சுவர்கள், முகமூடிகள், கோபுரத்துக் கிழவன் எல்லாம் அவள் எத்தனையோ தடவை எனக்குச் சொன்னபடியே ஒவ்வொன்றாக வந்தன. "சொன்னேன் இல்ல? சொன்னேன் இல்ல?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே முணுமுணுப்பு. சுப்புராயன் முகவாயைத் தடவிக்கொண்டார்.

பொட்டல் வந்தது. முணுமுணுப்பு நின்றது.

"பாய், அந்தத் தரையப் பாத்தியா?" என்றாள். "வரி வரியா கீது. தண்ணி எறங்கிப் போன தரை அது."

"பேசாம பாரும்மா" என்றேன்.

வளைந்த கட்டைகள் வந்தன. "அது பாடைக்கு வெட்டின மரம் இல்ல பாய். கப்பலு. பலகையெல்லாம் போயி எலும்பு மட்டும் நிக்குது." அவள் குரல் எப்படியோ இருந்தது. பால் பல் விழுகிற வயசில், கூட்டத்துக்குப் பின்னால் எக்கிப் பார்த்தபோது தெரியாதது இப்போது ஒவ்வொன்றாகத் தெரிகிறது. முகமூடிப் பெண் மணலைக் கிளறிச் சங்கை எடுத்தாள். முகமூடியைக் கழற்றினாள். சங்கை உயர்த்தினாள். உலகநாதன் கத்தியது எனக்கே காதில் விழுந்த மாதிரி இருந்தது.

"ஊதல பாய்" என்றாள் குப்பு. "காதுல வெச்சிகினு கேக்குது."

கடற்கரையில் பிறந்த எந்தக் குழந்தை சங்கை எடுத்துக் காதில் வைக்காமல் இருந்திருக்கிறது? அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தும், காதில் விழுந்ததைத்தானே நம்பினோம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். பொட்டல் வந்தபோது கோடு விழுந்து படிக்க முடியாமல் ஓடிய எழுத்து, அந்த நேரத்தில் மறுபடியும் வந்தது. பெரிய பெரிய வெள்ளை எழுத்து. படித்தேன். இன்னொரு தடவை படித்தேன்.

பிரெஞ்சில் ஒரு சங்கடம் உண்டு. ஊராட்சித் தலைவரும் மேர், பெற்ற தாயும் மேர், கடலும் மேர். எழுதினால் வேறு வேறு, காதில் விழுந்தால் மூன்றும் ஒன்று. சைகோன் கடையில் நானே அதில் தடுமாறி ஒரு துரைசானியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். திரையில் இருந்த மேர், கடல். கடல் செத்துவிட்டது. அதுதான் எழுதியிருந்தது. தண்ணீர் வற்றிச் செத்துப்போன கடலின் அடித்தரையில்தான் அந்த ஜனங்கள் அவ்வளவு நேரமும் நடந்துகொண்டிருந்தார்கள்.

நாட்டார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இன்னா போட்டுகீது பாய்? மேர்னு போட்டுகீதா?"

"மேர்னுதான் போட்டிருக்கு" என்றேன்.

"செத்ததாப் போட்டுகீதா?"

"ஆமா, செத்ததாத்தான்..."

இரண்டும் உண்மை. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டால் பந்தயம் குப்பு பக்கம், வலை அவள் வீட்டுக்கு. மூடிக்கொள்ளத்தான் இருந்தேன். படைத்தவன் மன்னிப்பான் என்று தைரியமும் வந்துவிட்டது. அதற்குள் சுவர் மேல் ஒரு தலை எழும்பியது.

"பாய், செத்தது கடலுதான?" என்றாள் குப்பு.

அவள் வாயைப் பொத்தியிருப்பேன், சுவர் குறுக்கே நின்றது. பொய் சொன்னாள் என்று அத்தனை வருஷம் ஊர் அவளைத் திட்டியதே, ஒரே ஒரு நிமிஷம் பொய்க்கு உடன்பட்டுச் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஆமாம்மா, கடல்தான்" என்றேன்.

சுப்புராயன் நெருப்பை மிதித்தவர் போல எழுந்தார். அதற்குள் கொட்டகையில் விசில். "யோவ் மாரிமுத்து, பேய்ப்படத்த நிறுத்துய்யா, தமிழ்ப் படத்தப் போடு!" என்று மணலை வாரி இறைத்தார்கள். சுருள் நின்றது. "நிறுத்தாதீங்க, முடிவு பாக்கணும்! அன்னிக்கும் நான் முடிவு பாக்கல!" என்று குப்பு சுவரில் ஏறி நின்று கத்தினாள். "முடிவு இருந்த பொட்டி துருப் புடிச்சி ஒட்டிகிச்சிம்மா, எங்கிட்டயே இல்ல" என்றான் மாரிமுத்து.

வெளியே வந்ததும் நாட்டார் அவளிடம் விரலை நீட்டினார். "பந்தயத்துல தோத்துட்ட. அது போவட்டும். உள்ள சொன்ன வார்த்தைய கரையில சொல்லிடாத. பசங்க தொழிலுக்குப் போவணும்."

அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மீன் படாவிட்டால் கடலம்மா தூங்குகிறாள் என்பார்கள். புயல் வந்தால் கோபமாக இருக்கிறாள் என்பார்கள். அந்த இன்னொரு வார்த்தையைக் கடலோடு சேர்த்து மணப்பட்டில் எவரும் சொன்னதில்லை. சொன்னால் ஒரு கட்டுமரமும் இறங்காது. ஏற்கெனவே அந்த மாசம் வலை வெறுமையாக வந்துகொண்டிருந்தது.

ஆனால் குப்புவுக்கு வேறு கணக்கு. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதைத்தான் சொன்னாளாம் புருஷனிடம். பந்தயத்தில் தோற்றாலும் உண்மை தெரிந்துவிட்டது. தன் காது தப்பில்லை, தன் வாய் தப்பில்லை, விளக்கம் சொன்னவன்தான் மேர் என்பதை மாற்றிப் புரிந்துகொண்டான். இதை ஒருமுறை சபையில் முழுசாகச் சொல்லிவிட்டால் போதும். அவளே கூட்டம் கூட்டச் சொன்னாள். என்னையும் வரச் சொன்னாள்.

கரையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் மேல் உட்கார்ந்தேன். பச்சையப்பன் ஒரு பக்கம் பல் குத்திக்கொண்டு நின்றான். குப்பு நடுவில் வந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"பந்தயத்துல தோத்தவ நானு, வலைப் பேச்ச எடுக்கல. என் பேச்சு எதனால செல்லாமப் போச்சின்னு மட்டும் சொல்லணும். அன்னிக்குப் படத்துல செத்தது மேர் இல்ல. அது..."

"போதும்!" என்றார் சுப்புராயன்.

"இரு நாட்டாரே, சொல்லி முடிச்சிடறேன். செத்தது..."

"வேணாம்! ஒன் சாட்சிய ஏத்துக்கிட்டோம். பச்சையப்பன்தான் அறுத்தான். அவன் புது வலை பின்னிக் குடுக்கணும். தீந்துச்சி."

கூட்டம் வாயைப் பிளந்தது. பச்சையப்பனின் கையிலிருந்து குச்சி விழுந்தது. "மாமா!" என்றான். "வாய மூட்றா" என்றார் மாமா.

வேறு யாராவது இருந்தால் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். குப்பு நகரவில்லை. "நான் இன்னும் சொல்லவே இல்லியே" என்றாள். "கேக்காம எப்டி ஏத்துக்கினீங்க?"

"அதான் ஏத்துக்கினோம்னு சொல்றேன் இல்ல!"

"எதுக்கு ஏத்துக்கினீங்க? நம்பி ஏத்துக்கினீங்களா? அந்தப் படத்துல இன்னா செத்துதுன்னு..."

"எவனாச்சும் அவ வாய மூடுங்கடா!"

நான் எழுந்தேன். "நாட்டாரே, நான் ஒன்னு சொல்லிடறேன். பிரெஞ்சுல மேருன்னா மூணு அர்த்தம்..."

"பாய், நீங்க நூல் விக்க வந்தீங்களா, வம்பு விக்க வந்தீங்களா?" என்றார். சிரிப்பு எழுந்தது. என் பிரெஞ்சுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன்.

குப்பு கூட்டத்தை விட்டு விறுவிறுவென்று நடந்து மீன் கூடையை வைத்திருந்த தாழம்புதர் ஓரம் வந்து நின்றாள். நான் பின்னாலேயே போனேன். "வல கெடச்சிடுச்சே, அப்புறம் இன்னாம்மா?" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு மட்டமான ஆறுதல் என்று உறைத்தது.

"வல வேணும் பாய், வேணாம்னு சொல்லல. ஆனா நம்பிக் குடுக்கலியே! என் வாய மூடறதுக்குக் குடுத்தாங்க." மூக்கைச் சிந்திப் போட்டாள். "பொய் சொன்னான்னு அன்னிக்கி என் பேச்ச தள்ளுனாங்க. நெசம் சொல்லிடுவான்னு இன்னிக்கி ஏத்துக்கறாங்க. நடுவுல ஒருத்தனாச்சும் நான் சொல்றத முழுசா கேட்டானா? அந்தப் பொண்ணு கையிலேர்ந்து சங்கப் புடுங்குனான் பாரு, அதே மாதிரி."

எனக்குச் சுப்புராயன் மேல் கோபம், உலகநாதன் மேல் கோபம், மூன்றுக்கும் ஒரே சத்தம் வைத்த பிரெஞ்சுக்காரன் மேலும் கோபம்.

அவள் கேட்டாள். "அந்தப் பேச்சுல அத எப்டி சொல்லுவ பாய்?"

"எதை?"

"எழுதிருந்துதே, அத."

"லா மேர் எ மோர்த்" என்றேன்.

"லா மேர் எ மோர்த்." ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். சைகோனில் நான் அந்தத் தொண்டை 'ர்' வருவதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அதுக்கு அர்த்தம் அதேதான? ஒன்னும் கூடக் கொறச்சி இல்லியே?"

"அதேதான். ஒரு எழுத்துகூடக் குறையாது."

திரும்பிக் கூட்டத்துக்கே நடந்தாள். எல்லாரும் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாட்டாருக்கு எதிரே போய், இடுப்பில் கை வைத்து, கட்டுமரம் இழுப்பவர்களுக்கும் கேட்கிற குரலில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"லா மேர் எ மோர்த்!"

சுப்புராயன் ஓரடி பின்வாங்கினார். பிறகு அவருக்குத் தெரிந்த ஒரு சொல் அதற்குள் இருந்தது காதில் உறைத்தது. மீசை மெல்ல விரிந்தது. மேர் வீட்டு வாசலிலிருந்து மோர் குடித்துவிட்டுத் திரும்பி வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் அன்றைக்கு வந்தது மனுஷருக்கு.

"கேட்டீங்களாடா? மேர் மறுபடியும் செத்துட்டாராம்!"

கரை முழுக்கச் சிரித்தது. பையன்கள் "மேர் செத்துட்டாரு, மேர் செத்துட்டாரு" என்று மணலில் குதித்துக்கொண்டு ஓடினார்கள். பச்சையப்பன்கூடச் சிரித்தான். செல்லப்பன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். குப்பு அசையாமல் நின்று எல்லார் முகத்தையும் பார்த்தாள். அந்தக் கரையில் பிறந்ததிலிருந்து அவள் சொல்ல வந்த ஒரு பேச்சை, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை, அன்றுதான் யாரும் குறுக்கே புகாமல் கேட்டார்கள்.

என்னிடம் வந்தாள். கண் காய்ந்திருந்தது.

"சொல்லி முடிச்சிட்டேன் பாய்" என்றாள். கூடையைத் தூக்கித் தலையில் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.